சீறாப்புராணத்தில் பொறையும் இறைநம்பிக்கையும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர் கூடும் அவைகளில் சீறாப்புராணத்தின் பெயர் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். தமிழ் சமய வேற்றுமை கடந்த மொழி என்பதற்குச் சான்று காட்ட வேண்டும்போது சீவக சிந்தாமணி, தேம்பாவணி, சீறாப்புராணம் எனப் பெயர்களை அடுக்குவது நம் மேடை வழக்கம். பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெற்றபின் நூலைத் திறந்து பார்ப்பவர் சிலரே. நாமும் பல்லாண்டு அந்தப் பலருள் ஒருவராகவே இருந்தோம். நூலைத் திறக்கும்படி நம்மைத் தூண்டியது புலமை ஆர்வமன்று. ஒரு நண்பர் சொன்ன ஒரு சொல்லேயாகும்.

2021ஆம் ஆண்டு மே மாதம். கொரோனா நோயின் இரண்டாம் அலை நம் மைசூரையும் சூழ்ந்திருந்த காலம். எம் அலுவலகத்தில் உடன் பணியாற்றும் இஸ்லாமிய நண்பர் ஒருவர் மண்டி மொகல்லாவில் குடியிருப்பவர். அவருடைய முன்னோர் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவருடைய தாயாரை நோய் பற்றியது. மூன்று இரவுகள் அவர் உறங்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுக்காக ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இருசக்கர வண்டியில் அலைந்தார். சிலிண்டர் கிடைத்தது, தாயார் பிழைக்கவில்லை. செய்தி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த நாம், வேறு சொல் அறியாமல், "எல்லாம் விதி" என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்த நண்பர், "விதி என்பது எல்லாம் முடிந்த பிறகு சொல்கிற சொல், சார். முன்னாலேயே சொன்னால் அது சோம்பல். இப்போது சபூர் செய்ய வேண்டும்; அவ்வளவுதான்" என்றார். மறுநாள் காலை, அடக்கம் முடிந்த சில மணி நேரத்தில், எஞ்சிய வாயுவுடன் அந்தச் சிலிண்டரை அடுத்த தெருவில் நோயுற்றுக் கிடந்த ஒருவர் வீட்டில் இறக்கிவிட்டு வந்தார் என்று பின்னர் அறிந்தோம்.

அவர் சொன்ன சபூர் என்பது நாம் எண்ணியிருந்த பொறுமையன்று என்று அப்போது தோன்றியது. விதியை நொந்து கைகட்டி இருப்பதற்கும் அதற்கும் உள்ள வேற்றுமை என்ன என்ற வினாவுடனேயே சீறாப்புராணத்தைக் கையிலெடுத்தோம். அவ்வினாவுக்கு அந்நூல் தரும் விடையையும், தராமல் விட்ட விடையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

நூலுக்குள் புகுமுன் இரண்டு சொற்களைத் தெளிந்துகொள்வது நலம். இறைவனிடம் பொறுப்பை ஒப்புவித்து நம்பியிருத்தலை இஸ்லாமியர் 'தவக்குல்' என்பர். இவ்வரபுச் சொல்லின் வேர் நமக்கு முற்றிலும் அயலானதன்று. நீதிமன்ற வாயிலில் நாள்தோறும் வழங்கும் 'வக்கீல்', 'வக்காலத்து' என்னும் சொற்கள் அவ்வேரில் கிளைத்தவையே. வழக்கை ஒருவரிடம் ஒப்படைத்து வக்காலத்தில் கையொப்பமிட்டவன் வீட்டில் படுத்துறங்குவதில்லை. பத்திரங்களைத் தேடி எடுக்கிறான். சாட்சிகளை அழைத்து வருகிறான். வாய்தா தோறும் சென்று நிற்கிறான். வாதமும் முடிவும் தன் கையில் இல்லை என்பதை மட்டுமே அவன் ஒப்புக்கொள்கிறான். தவக்குல் என்பதும் இத்தகையதே. ஒட்டகத்தைக் கட்டிவைத்து இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று வினவிய ஒருவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பின்னர் நம்பும்படி நபிகள் நாயகம் அறிவுறுத்தியதாகத் திர்மிதியின் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயமும் தோழர்களோடு கலந்தாய்தல், துணிதல், அதன்பின் இறைவன்மேல் பொறுப்பை வைத்தல் என்னும் வரிசையையே காட்டுகிறது. நம்பிக்கை அங்கே மூன்றாம் படியாக அமைந்திருத்தல் கருதத்தக்கது.

'சபுறு' என்பது மற்றொரு சொல். தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் அது 'சபூர்' என வழங்கும். பொறுமை என்று நாம் அதனை மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் அதன் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல், கட்டிவைத்தல் என்பதாகும். ஓடத் துடிக்கும் மனத்தையும் உடலையும் ஓடவிடாமல் ஓரிடத்தில் நிறுத்துதலே சபுறு. ஆகவே அது செயலின்மையன்று. மிகக் கடுமையான செயல்களுள் ஒன்று. கி.பி. 625இல் நடந்த உகுதுப் போரில் இதற்கு எதிர்மறையான சான்று ஒன்றைக் காண்கிறோம். குன்றின்மேல் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளர்களுள் பெரும்பாலோர் வெற்றி கிட்டிவிட்டதெனக் கருதிப் போர்ப்பொருளைத் திரட்ட இறங்கிவிட்டனர். காவலற்ற அவ்வழியே பகைவர் புகுந்தனர்; கைக்கு வந்த வெற்றி நழுவியது. அவர்களிடம் வீரத்துக்குக் குறைவில்லை. நின்ற இடத்தில் நிற்கும் ஆற்றலே குறைந்தது. இவ்விரு சொற்களையும் உரைகல்லாகக் கொண்டு காப்பியத்தை நோக்குவோம்.

பாடியவரின் பொறை

சீறா என்பது வாழ்க்கை வரலாறு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். பதினேழாம் நூற்றாண்டினரான உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றை விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களாகவும், 92 படலங்களாகவும், 5,027 விருத்தப்பாக்களாகவும் பாடினார். எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று அவ்வரசவையை அணிசெய்த அவரை இப்பெரும்பணிக்குத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி.

இந்நூல் எளிதில் பிறந்ததன்று. வரலாற்றுச் செய்திகளைக் கேட்டறிவதற்காக உமறு அக்காலப் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடிச் சென்றார் என்றும், புலவரின் உடையும் தோற்றமும் கண்டு அப்பெரியார் முதலில் மறுத்துவிட்டார் என்றும், புலவர் மனமுடைந்து வருந்திய பின்னரே வழி பிறந்தது என்றும், பரங்கிப்பேட்டையில் செய்திகளைப் பெற்றுப் பாடத் தொடங்கினார் என்றும் மரபு கூறுகிறது. பாடிக்கொண்டிருக்கும்போதே சீதக்காதி மறைந்தார். பொருளுதவி நின்றுபோன நிலையில் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து ஆதரித்தார். அவ்வாறிருந்தும் நபிகள் நாயகத்தின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கும் பேறு உமறுவுக்குக் கிட்டவில்லை. மதீனத்து வாழ்வின் இடைப்பகுதியில், உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நூல் நின்றுவிடுகிறது. பின்வந்த பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' பாடி எஞ்சிய வரலாற்றை நிறைவு செய்தார்.

புலவர் வரலாற்றை ஈண்டு விரித்ததற்குக் காரணம் உண்டு. ஆதரித்த கை மறைந்தபின்னும் எழுதுகோலைக் கீழே வைக்காதவர் ஒருவர் பொறுமையைப் பாடும்போது, அது கேள்வியறிவால் மட்டும் பாடியதாகாது. அவ்வனுபவத்தின் சுவடு நூலில் எங்கெங்கே தென்படுகிறது என்று தேடுவது திறனாய்வுக்கு உரிய வேலையே.

மருதமும் பாலையும்

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுதல் நேர்மை. தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப்படலமும் நகரப்படலமும் பாடப் புகுந்த உமறு, அரபு நாட்டை நீர்வளமும் வயல்வளமும் நிறைந்த மருதநிலமாக்கிவிட்டார். மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, உழவர் வயலில் இறங்குகின்றனர். கம்பனைக் கற்றவர் கோசலத்தை மறக்கமாட்டாமல் மக்கத்திலும் அதனையே கண்டார். இதனைத் தமிழ்ப்படுத்திய அழகு என்று போற்றுவோர் பலர். அழகை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளை நோக்கும்போது இதனால் ஓர் இழப்பு நேர்கிறது. நீரற்ற நிலத்தில், கிணற்றுக்கும் பேரீச்சைக்கும் ஏங்கும் வாழ்வில் முளைத்த நம்பிக்கை அது. நெல்வயலும் கரும்பும் சூழ்ந்த ஊரில் ஒருவன் இறைவனை நம்பியிருந்தான் என்றால், அந்நம்பிக்கைக்கு அவன் கொடுத்த விலை நமக்குப் புலப்படுவதில்லை.

இக்குறையைப் புலவரே ஓரிடத்தில் போக்கிவிடுகிறார். விலாதத்துக் காண்டத்தில் 'சுரத்திற் புனலழைத்த படலம்' என ஒரு பகுதி உண்டு. வணிகத்தின்பொருட்டு வழிச்செல்வோர் கொடுஞ்சுரத்தில் நீரின்றி வருந்துவதையும் பின்னர் நீர் கிடைக்கப் பெறுவதையும் அப்படலம் கூறும். சங்க காலம் முதலாகப் பாலையைப் பாடிப் பழகியது தமிழ். ஆனால் தமிழ்நாட்டில் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. ஏனைய நிலங்கள் கோடையில் திரிந்த நிலையையே பாலை என்றனர் நம் முன்னோர். உண்மையான பாலைவனத்தை நேர்கண்டறியாத ஒரு மொழி, பிரிவுத் துயரை உரைப்பதற்காகவே செப்பனிட்டு வைத்திருந்த சொற்கள் அனைத்தையும் அரபுச் சுரத்தின்மேல் இறக்கிவைக்கும் வாய்ப்பு இப்படலத்தில்தான் உமறுவுக்குக் கிட்டியது. நாட்டுப்படலத்தில் மரபு உண்மையை மறைத்தது; இங்கே அதே மரபு உண்மைக்குத் துணைநின்றது. வழிச்செல்வோரின் தாகத்தை நாம் உணர்ந்த பின்னரே நீர் வருகிறது. ஆதலால் அந்நீர் நமக்கும் இனிக்கிறது.

குகையில் ஓர் இரவு

நம் வினாவுக்கு நேரான விடையை ஹிஜ்ரத்துக் காண்டத்தின் 'விடமீட்ட படலம்' தருகிறது. இதன் பின்னணி கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத் என்னும் இடப்பெயர்ச்சி. மக்கத்துக் குறைசியர் நபிகள் நாயகத்தைக் கொல்லத் துணிந்த நிலையில் அவர்கள் தோழர் அபூபக்கருடன் ஊரைவிட்டு வெளியேறினர்.

வரலாற்று நூல்கள் கூறும் அப்பயணத்தின் ஏற்பாடுகளைப் பார்த்தால் தவக்குல் என்பதன் பொருள் விளக்கமாகும். மதீனம் மக்கத்துக்கு வடக்கே உள்ளது. அவர்களோ தெற்கே உள்ள தௌர் மலையை நோக்கி நடந்தனர். தேடுவோரின் எண்ணத்தைத் திசைதிருப்பவே இவ்வாறு செய்தனர். நபிகளின் படுக்கையில் அலீ அவர்கள் படுத்திருந்தார். குகையில் மூன்று நாள் மறைந்திருந்தபோது அபூபக்கரின் மகனார் பகலில் ஊரில் தங்கி இரவில் செய்தி கொணர்ந்தார். மகளார் அஸ்மா உணவுக்கு ஏற்பாடு செய்தார். ஆமிர் என்னும் இடையர் ஆட்டு மந்தையை ஓட்டிவந்து காலடித் தடங்களை அழித்தார். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அவர்தம் மார்க்கத்தைச் சாராத ஒருவர். இறைவனை முற்றும் நம்பியவர் ஒருவர் இத்துணை முன்னேற்பாடு செய்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செய்யக்கூடிய அனைத்தையும் செய்த பின்னும் பகைவர் குகை வாயில்வரை வந்துவிட்டனர். மனித முயற்சி முடிந்த அவ்விடத்தில், கலங்கிய தோழரை இறைவன் உடனிருப்பதைச் சொல்லி நபிகள் தேற்றிய செய்தியைத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் குறிக்கிறது.

உமறுப் புலவர் இக்குகைக்குள் நம்மை அழைத்துச் சென்று காட்டுவது மிகச் சிறிய காட்சியொன்றை. குகையில் பாம்பு வளைகள் பல உள்ளன. அபூபக்கர் தம் ஆடையைக் கிழித்துக் கிழித்து ஒவ்வொரு வளையாக அடைக்கிறார். துணி தீர்ந்துவிடுகிறது, வளை ஒன்று எஞ்சுகிறது. அதனைத் தம் காலால் அடைத்துக்கொண்டு அமர்கிறார். நபிகள் உறங்குகின்றனர். அவ்வளையிலிருந்த பாம்பு காலைத் தீண்டுகிறது. நஞ்சு ஏறுகிறது. காலை எடுத்தால் பாம்பு வெளிவரும். உடலை அசைத்தால் நபிகளின் துயில் கலையும். அவர் காலையும் எடுக்கவில்லை, உடலையும் அசைக்கவில்லை. பின்னர் நபிகள் விழித்தறிந்து, தம் உமிழ்நீரைத் தடவ, விடம் நீங்குகிறது.

படலத்தின் பெயர் விடம் மீண்டதைக் கூறுகிறது. மேடைகளிலும் பாடநூல்களிலும் இவ்வற்புதமே முதன்மை பெறுகிறது. நமக்கோ படலத்தின் உயிர்நிலை வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. பாம்பு தீண்டிய கணத்திற்கும் நபிகள் விழித்த கணத்திற்கும் இடையில் ஒரு பொழுது கழிகிறதே, அப்பொழுதுதான் இப்படலம். உதவி வரும் என்பது படிக்கும் நமக்குத் தெரியும்; குகையில் இருந்தவருக்குத் தெரியாது. துணி உள்ளவரை கிழித்து அடைத்தது தவக்குல். துணி தீர்ந்தபின் காலை வைத்து அதனை எடுக்காதிருந்தது சபுறு. முன்னது கையின் தொழில். பின்னது காலின் தொழில். இரண்டையும் பிரிக்கவொண்ணாதபடி ஒரே காட்சியில் அமைத்துவிட்டது காப்பியம். உகுதுக் குன்றில் வில்லாளர் எடுத்துவிட்ட காலையும் தௌர்க் குகையில் அபூபக்கர் எடுக்காத காலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சபுறு என்னும் சொல்லுக்கு வேறு உரை வேண்டுவதில்லை.

மானின் சொல்

இதனோடு ஒத்துவைத்து நோக்கத்தக்கது நுபுவ்வத்துக் காண்டத்தின் 'மானுக்குப் பிணை நின்ற படலம்'. வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அவ்வழி வந்த நபிகள் நாயகத்திடம் அம்மான் தன் கன்றின் பசியைச் சொல்லி முறையிடுகிறது. பாலூட்டிவிட்டு மீண்டு வருவதாக உறுதி கூறுகிறது. காட்டுக்குப் போன மான் திரும்பியதுண்டா என்று நகைக்கும் வேடனிடம் நபிகள் தாமே பிணை நிற்கின்றனர். விடுபட்ட மான் தன் இனத்தைச் சேர்ந்து கன்றுக்குப் பாலூட்டுகிறது. மீளவேண்டா என்று தடுக்கும் உறவை மீறித் திரும்புகிறது. கன்றும் உடன் வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

இப்படலத்தில் மான் பேசியதை வியப்போர் பலர். பேசிய மான் பேச்சைக் காத்தது அதனினும் வியப்புக்குரியது. கட்டவிழ்ந்த மானைக் கட்டியிழுக்கக் கயிறு ஏதும் இல்லை. தனக்காகப் பிணை நின்றவரின் சொல் ஒன்றே அதனைக் கட்டுகிறது. கட்டுதல் என்பதே சபுறு என்னும் சொல்லின் வேர் என்று முன்னர்க் கண்டோம். மானை மீட்டு நிறுத்திய கட்டு அதுவே. புலவர் இங்கே அவசரப்படவில்லை. தாயும் கன்றும் சேரும் காட்சியை நிறுத்தி, இனம் தடுத்துரைப்பதையும் மான் மறுத்துரைப்பதையும் விரித்துப் பாடி, திரும்புதல் எத்துணைக் கடினம் என்பதை நாம் உணர்ந்த பின்னரே வேடனிடம் மானைச் சேர்க்கிறார். இப்படலம் தமிழர் உள்ளத்தில் நிலைபெற்றதற்குக் காரணம், அற்புதத்திற்கும் முடிவிற்கும் நடுவே பொறையின் விலையை அவர் குறைக்காமல் காட்டியதேயாகும்.

ஊழும் ஒப்புவித்தலும்

தமிழ் மரபில் இதற்கு இணையுண்டா என்று கேட்கலாம். ஊழ்வினை தொடர்ந்து வந்து தன் பயனை ஊட்டும் என்பதை நிலைநாட்டப் பிறந்த காப்பியம் சிலப்பதிகாரம். கோவலனை ஊழ் பின்தொடர்கிறது. அவன் முயற்சி அனைத்தும் அதன் வலையில் சிக்குகின்றன. குகையில் இருந்த இருவரையும் பகைவர் பின்தொடர்ந்தனர். அவர்களுடன் இருந்தது ஊழன்று, துணை. துன்பத்தைப் பின்னின்று துரத்தும் ஒன்றாகக் காண்பதும், துன்பத்தினுள் உடனிருக்கும் ஒருவனைக் காண்பதும் வெவ்வேறு நோக்குகள். திருவள்ளுவரோ இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார். ஊழின் வலிமைக்கு ஓரதிகாரம் வகுத்த அவரே, ஆள்வினையுடைமைக்கும் இடுக்கண் அழியாமைக்கும் 62, 63ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். முயற்சிக்கு அடுத்துத் தளராமை என்னும் அவ்வைப்புமுறை, துணி கிழித்த கையையும் எடுக்காத காலையும் நமக்கு நினைவூட்டுகிறது. ஆனால் வள்ளுவரின் ஆள்வினையாளன் தன் உடல் வருந்திய அளவுக்குக் கூலி உண்டென்னும் உறுதியில் நிற்கிறான். சீறாவின் தோழரோ கூலியைக் கணக்கிடாமல் ஒப்படைத்துவிட்டு நிற்கிறார். வேற்றுமை அவ்வளவே.

பிற்கால இஸ்லாமியத் தமிழில் இந்நம்பிக்கை வேறொரு குரலும் பெற்றது. தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792இல் பிறந்து சென்னையில் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, பராபரக்கண்ணி முதலியவற்றில் இறைவனிடம் குறையிரந்து, ஏங்கி, முறையிடுகிறார். முறையிடுதல் பொறுமைக்கு மாறன்றோ எனில், அன்று. மகன் யூசுபை இழந்த யாகூபு நபி கண் பார்வை மங்கும் அளவுக்குத் துயருற்றார் என்றும், தம் துயரை இறைவனிடமே முறையிட்டார் என்றும் திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் கூறும். ஒப்படைத்தவனிடமே சென்று முறையிடுவது ஒப்படைப்பை முறிப்பதாகாது. நம் கருநாடகத்தில் 1819 முதல் 1889 வரை வாழ்ந்த சிசுநாள ஷரீபர், கோவிந்த பட்டரைக் குருவாகக் கொண்டு கன்னடத்தில் பாடிய பாடல்களையும் மஸ்தான் சாகிபு பாடல்களையும் ஒருங்கே வைத்து ஆராய்வது மைசூர்த் தமிழராகிய நமக்கு ஏற்ற பணியாகும். வாய்ப்புடையோர் மேற்கொள்வாராக.

காப்பியம் எட்டாத இடம்

இனி, நம் வினாவின் கடினமான பகுதிக்கு வருகிறோம். குகையில் விடம் நீங்கிற்று. சுரத்தில் நீர் வந்தது. மான் விடுதலை பெற்றது. நாம் எடுத்துக்கொண்ட மூன்று படலங்களிலும் பொறுத்தவர் பயன் பெற்றனர். எம் நண்பரின் தாயாரோ பிழைக்கவில்லை. வளை அனைத்தையும் அடைத்து, காலையும் எடுக்காமல் வைத்திருந்து, அதன்பின்னும் விடம் நீங்காத ஒருவருக்கு இக்காப்பியம் சொல்வது யாது?

இவ்விடத்தில் உமறுப் புலவரின் முறையில் உள்ள குறையொன்று புலனாகிறது. அற்புதத்தைப் பாடும் ஆர்வம் அவருக்கு மிகுதி. உடும்பு பேசிய படலம் என்றும் மதியை அழைப்பித்த படலம் என்றும் படலப் பெயர்களே அதனைக் காட்டும். காப்பியத் தலைவரின் பெருமையை உயர்த்த அற்புதம் உதவும் என்பது உண்மையே. பக்தி நூலொன்றில் அதனைக் குறையென்று கூறுதல் முறையாகாது எனச் சிலர் கருதலாம். நாம் குறையாகக் கூறுவது அற்புதத்தையன்று; அது துன்பத்தின் காலிலேயே மிதித்துக்கொண்டு விரைந்து வருவதை. பொறையாளனுக்கு உடனே பயன் கிட்டும் என்று கதை தோறும் கண்ட வாசகன், பயன் கிட்டாத நாளில் தன் நம்பிக்கையே குறையுடையதோ என்று ஐயுறுவான். அது நூலாசிரியர் கருதாத விளைவு, ஆயினும் விளைவு.

இவ்வையத்தைத் தீர்க்கும் நிகழ்ச்சி நபிகள் நாயகத்தின் வரலாற்றிலேயே உண்டு. அவர்தம் இளங்குழந்தை இபுராகீம் கி.பி. 632இல் மதீனத்தில் இறந்தது. தந்தை கண்ணீர் விட்டு அழுதார். கண் கலங்கும், நெஞ்சு வருந்தும், எனினும் இறைவனுக்கு ஒவ்வாத சொல்லை நாக்கு சொல்லாது என்னும் கருத்தை அப்போது அவர் வெளியிட்டதாக நபிமொழித் தொகுப்புகள் கூறும். பொறுமை என்பது கண்ணீரை அடக்குவதன்று என்பது இதனால் பெறப்படும். அன்றே சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குழந்தை இறந்த துயரால் கதிரவனே இருண்டதென மக்கள் பேசலாயினர். நபிகளோ அதனை மறுத்தார். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் ஞாயிறும் திங்களும் கிரகணம் கொள்வதில்லை என்று விளக்கினார். ஆறுதலாகத் தம்மைத் தேடி வந்த அற்புதத்தைத் தாமே விலக்கிவிட்டு, துயரைத் துயராகவே சுமந்து நின்ற நிலை அது. பொறையின் உச்சம் இதுவென்றே நாம் கருதுகிறோம். அங்கே தீராத விடம் தீராமலேயே இருந்தது, காலும் எடுக்கப்படவில்லை.

உமறுப் புலவரின் காப்பியம் இந்நிகழ்ச்சியை எட்டுமுன்னரே நின்றுவிட்டது. எட்டியிருப்பின், அற்புதங்களில் தோய்ந்த அவர் எழுதுகோல் அற்புதத்தை மறுத்த இத்துயரை எவ்வாறு பாடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். தாகத்தை நமக்கு உணர்த்திய பின்னரே நீரைக் காட்டியவர் அவர். தாய்மானின் தயக்கத்தை விரித்துப் பாடியவர் அவர். ஆதரித்த வள்ளல் மறைந்தபின்னும் பாடிக்கொண்டிருந்தவர் அவர். அவர் பாடியிருப்பின், தமிழில் பொறையைப் பற்றிய மிகச் சிறந்த படலம் அதுவாகவே இருந்திருக்கும் என்று நம்ப இடமுண்டு.

முடிபாகச் சில சொற்கள்

சீறாப்புராணத்தைச் சமய ஒற்றுமைக்குச் சான்றாக மட்டும் காட்டுவது அதற்கு நாம் செய்யும் சிறிய மரியாதை. அந்நூலிடம் ஒரு வினாவை வைத்து விடைக்காகக் காத்திருப்பதே பெரிய மரியாதை. நாம் வைத்த வினாவுக்கு அது தந்த விடை இது: இறைநம்பிக்கை உள்ளவன் முதலில் தன் ஆடையைக் கிழித்து வளையை அடைப்பான், ஆடை தீர்ந்தபின் காலை வைப்பான், வைத்த காலை எடுக்கமாட்டான். அதன்பின் வருவது அவன் கணக்கில் இல்லை. விடம் நீங்கிய கதைகளை நூல் நமக்குப் பாடித் தந்தது. நீங்காத கதையைத் தாமே வாழ்ந்து காட்டுவோர் நம் தெருக்களில் உள்ளனர்.

எம் நண்பர் இன்றும் எதிர்மேசையில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடமீட்ட படலத்தை அவருக்குப் படித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தச் சிலிண்டர் போய்ச் சேர்ந்த வீட்டு மனிதர் பிழைத்துவிட்டார், சார், உங்களுக்குச் சொன்னேனோ?" என்றார். அவர் அதுவரை நமக்குச் சொல்லவில்லை.